மோரீனின் கேக்கும் எங்கள் ஊர் ஏலமும்

1

போன சனிக்கிழமை மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அதில் ஒரு கோல் எங்கள் ஆளே எங்கள் வலைக்குள் அடித்தது. மழை பக்கவாட்டில் பெய்ததால், தலைக்கு மேல் கூரை இருந்தும் முட்டிக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே பஸ் ஏறினார்கள். நானும், பக்கத்து சீட்டுக் கொலினும், என் மகள் ஷெரினும் எழுந்து நின்று, தோற்ற பையன்களுக்குக் கை வலிக்கிற மட்டும் தட்டினோம்.

வீட்டுக்கு வந்ததும் ஜெயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சிட்டிய போல" என்றாள்.

"இல்ல. மூணு கோல் வாங்கினோம்."

"பின்ன என்னத்துக்கு இந்த இளிப்பு?"

என் மனைவி பூதப்பாண்டிக்காரி. வயலும் தண்ணீரும் உள்ள ஊரில் பிறந்தவளுக்குப் பந்தை உதைத்துச் சண்டை போடுகிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்கள்தான். அவளுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் நம் ஊர்ப் பத்திரிகையான இதில் எழுதப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாரத்தில் அந்த மைதானத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. உள்ளே புல் கணுக்கால் மறைகிற அளவுக்கு வளர்ந்து கிடந்தது. இன்றைக்கு அதே இடத்தில் உட்கார்ந்து நனைந்துகொண்டு தோற்பதற்கு எங்களுக்கு ஓர் அணி இருக்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு சமாச்சாரமாகத் தோன்றாது. வெளிநாடு போனவன் வீடு கட்டினதை எழுதுவான், பனியைப் பற்றி எழுதுவான், இவன் என்ன பந்து விளையாட்டை நீட்டி முழக்குகிறான் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது மனைவியின் விசாவில் தொற்றிக்கொண்டு. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஜெயா நர்ஸ். அவளுக்கு வேலை கொடுத்தார்கள். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்த என்னை அவளோடு சேர்த்து அனுமதித்தார்கள். வந்து சேர்ந்த இடம் வட இங்கிலாந்தில், மலையடிவாரத்தில், பஞ்சாலைகள் எல்லாம் மூடிப்போன ஒரு பழைய ஊர். வந்த அடுத்த வருஷம் பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. இன்றுவரை அதுதான் சோறு போடுகிறது.

வந்ததும் முதல் சிக்கல் பெயரில்தான். ஊரில் நான் ஞா. எட்வின். இங்கே அந்த 'ஞா'வை வைத்துக்கொண்டு ஒரு சிம் கார்டுகூட வாங்க முடியவில்லை. குடும்பப் பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று எல்லா ஜன்னலிலும் கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, ஆளாளுக்குத்தான் பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். கடைசியில் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பாங்கிலும் டிப்போவிலும் பல் டாக்டரிடமும் நான் மிஸ்டர் ஞானமுத்து. ஷெரின் பிறந்தபோது அவளும் மிஸ் ஞானமுத்து ஆனாள். சிதறால் மலைக்குக் கீழே ரப்பர் வெட்டிக்கொண்டு, திருவனந்தபுரத்துக்கு அப்பால் போகாத என் அப்பாவை, இங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கூப்பிடுகிறார்கள்.

கொலின் என் பஸ்ஸில் சனிக்கிழமைதோறும் ஏறுகிற ஆள். தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் கிளப்பின் நீலமும் வெள்ளையும் போட்ட மப்ளர். அவர் பேசுகிற ஆங்கிலம் எனக்கு முதல் ஆறு மாதம் விளங்கவே இல்லை. லண்டன்காரர்களுக்கும் விளங்காதாம். இழுத்து, ராகம் போட்டு, பாதி எழுத்தை விழுங்கிப் பேசுவார்கள் இந்தப் பக்கத்தில். சென்னைக்குப் போனால் நம் பேச்சைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அதே சிரிப்பை இவர்களும் லண்டனில் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அது தெரிந்ததும் இந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. அதனால் கொலின் பேசுவதை நான் நம்ம ஊர்த் தமிழில்தான் எழுதப் போகிறேன். வேறு தமிழில் அவர் வாய் ஒட்டாது.

ஒரு சனிக்கிழமை இறங்கும்போது கேட்டார்: "நீ பந்து பாப்பியா?"

"விளையாடுவேன் சார். லெஃப்ட் பேக்."

சார் என்றதும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் அளந்தார். "லெஃப்ட் பேக் ஒருத்தன் எங்க ஊர்ல பஸ் ஓட்டுதான், ஒரு பயலும் எங்கிட்ட சொல்லல்ல பாத்தியா" என்றார்.

அடுத்த லீவு நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மரப்பலகை சீட்டு, துருப்பிடித்த தூண், ஒரு மூலையில் டீ விற்கிற தகர அறை. அதை நடத்துகிறவர் மோரீன் என்கிற பெரியம்மா. கொலின் தனக்குப் பக்கத்து சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "இரி" என்றார். அது அவருடைய மனைவி உட்கார்ந்த சீட்டு என்பதும், அந்த அம்மா இறந்த பிறகு இரண்டு வருஷமாக அதற்கும் சேர்த்துப் பணம் கட்டி அதைக் காலியாக வைத்திருந்தார் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்து மோரீன் சொல்லித்தான் தெரிந்தது. இந்த தேசத்தில் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று என்னைக் கேட்டால், அந்தக் கைக்குட்டையைத்தான் முதலில் சொல்வேன்.

3

எங்கள் ஊரிலும் கிளப் இருந்தது. எங்கள் கிறிஸ்தவ சபை இளைஞர்கள் சேர்ந்து நடத்தினது. மைதானம் என்றால் ரப்பர் தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவில் கிடந்த சரிவு. மேட்டிலிருந்து ஆடுகிற அணி எப்போதும் ஜெயிக்கும். பந்து குளத்தில் விழுந்தால் லெஃப்ட் பேக்தான் குதிக்க வேண்டும், அந்த இடது ஓரத்தில் தடுத்து நிற்பவன் அவன் என்பதால். நான் நீச்சல் படித்ததே அப்படித்தான்.

கிளப்புக்குப் பணம் எங்கிருந்து வரும்? அறுப்பின் பண்டிகையிலிருந்து. நம் பக்கத்துச் சபைகளில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வீடு விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில், அதாவது சர்ச்சில், படைப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், சேவல். ஒன்றும் இல்லாதவர்கள் ஒரு முட்டை. ஆராதனை முடிந்ததும் வாசல் பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒரு முட்டையை ஒருவர் நூறு ரூபாய்க்கு எடுப்பார். எடுத்து, கையில் தூக்கிக் காட்டிவிட்டு, திரும்ப மேஜையிலேயே வைத்துவிடுவார். "சபைக்கே" என்று ஒரு வார்த்தை. அந்த முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். இன்னொருவர் எடுப்பார், அவரும் வைப்பார். சாயங்காலத்துக்குள் அந்த ஒரு முட்டை ஒரு கோழிப் பண்ணை விலைக்குப் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துத் தின்பவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஏலத்தில் ஒரு பங்கு பந்துக்கும் வலைக்கும் வரும்.

ஏலம் விளிக்கிறவர் என் அப்பா. அவர் தொண்டைக்கு மைக் தேவையில்லை. "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று நிறுத்தி, மூன்றாவதைச் சொல்லாமல் கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார். கை கட்டி நிற்கிற கத்தோலிக்கப் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பார்வைக்குப் பயந்து பத்து ரூபாய் ஏற்றுவார்.

அடுத்த ஞாயிறு இன்னொரு சடங்கு. ஆராதனை முடிந்து யாரும் எழுந்து போக முடியாது. செயலாளர் கணக்கு வாசிப்பார். வரவு, செலவு, எல்லாம் சத்தமாக. யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். அப்பா கட்டாயம் எழுவார். ஒரு வருஷம் கிளப் கணக்கு வாசித்தபோது நான்தான் செயலாளருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பந்துக்குக் காத்தடிக்கிற ஊசி மூணு வாங்கினதா வாசிச்சிய. பந்து ஒண்ணுதானே? மிச்சம் ரெண்டு ஊசி எங்க?"

ஒரு ஊசி காசு பெறாத சாமான். சபையே சிரித்தது. என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் மறுநாள் இரண்டு ஊசியையும் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வாங்கிப் பார்த்துவிட்டு, "செரி, கொண்டு வச்சுக்கங்க" என்றார்.

4

இங்கே எங்கள் கிளப்பை ஒரு முதலாளி வாங்கினார். பெரிய காரில் வந்தார். இன்னும் மூன்று வருஷத்தில் இரண்டு டிவிஷன் மேலே போய்விடுவோம் என்றார். எல்லாரும் கைதட்டினோம், நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். பிறகு மைதானத்தின் நிலம் கிளப்பின் பெயரிலிருந்து அவருடைய வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று, அப்புறம் இரண்டு மாதம். வரி கட்டவில்லை என்று பத்திரிகையில் வந்தது. ரசிகர் சங்கத்துக்குக் கொலின்தான் செயலாளர். கணக்கைக் காட்டுங்கள் என்று அவர் எழுதிக் கேட்டார். வியாபார ரகசியம் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மழையில் கேட் முன்னால் பேனர் பிடித்து நின்றோம். முதலாளியின் கார் மட்டும் வரவில்லை. கொஞ்ச நாளில் போனையும் எடுக்காமலாகிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தப் பத்திரிகையில் போடமாட்டார்கள். மோரீனுக்கு மூன்று மாதம் சம்பளம் கிடையாது. அந்தப் பெரியம்மா தன் காசில் பால் வாங்கி எங்களுக்கு டீ போட்டாள்.

வீட்டுப் போனில் அப்பாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர், அண்ணனோடு இருக்கிறார், காதுக்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"கிளப்பு கணக்கு அங்க யாருலே வாசிப்பா?"

"யாரும் வாசிக்கமாட்டாவ அப்பா."

"வாசிக்காம எப்பிடி?"

"அது முதலாளிக்குள்ளது. கேட்டா சொல்லமாட்டாவ."

"அது அப்பம் கிளப்பு இல்லலே, கடை" என்றார். பக்கத்தில் அண்ணன் சிரிப்பது கேட்டது.

கடையோ கிளப்போ, அது மூடிவிட்டால் எனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஷெரினுக்கு அப்போது பதினாறு முடிந்திருந்தது. தமிழ் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். அப்பா என்பது டாட் ஆகி வெகுகாலம். சாப்பிட்டதும் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் பிறந்த ஊர் இது, நாங்கள்தான் இங்கே வந்து ஏறினவர்கள். ஆனால் சனிக்கிழமை மட்டும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தானாகவே வந்து என்னோடு நடப்பாள். அந்தத் தொண்ணூறு நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் வெளியே வரும். "ஏலே, விட்டுராதல! அடில!" அவளிடம் கற்றுக்கொண்டு எங்கள் வரிசையில் உள்ள வெள்ளைக்காரத் தாத்தாக்கள் எல்லாரும் ஏலே ஏலே என்று கத்துகிறார்கள். அந்தச் சனிக்கிழமை போனால் என் மகளோடு எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழியும் போய்விடும். அதை நினைத்து நான் பஸ் ஓட்டும்போதே கண்ணைத் துடைத்திருக்கிறேன். கிளப்பின் கதியை நினைத்து அழுகிற டிரைவர் என்று பயணிகள் மரியாதையாக நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு ஆட்டம் நடக்காமல் போயிற்று. ஆம்புலன்ஸ், கூட்டத்தைக் கவனிக்கிற ஆட்கள், மின்சாரம் இவற்றுக்கு முன்பணம் கட்டாமல் கேட்டைத் திறக்க விடமாட்டார்கள். பூட்டுத் தொங்கியது அப்போதுதான். அடுத்த சனிக்கிழமை ஆட்டமும் நடக்காவிட்டால் கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. நீக்கிவிட்டால் நூற்றாண்டு கண்ட கிளப் அத்தோடு சரி; நிலத்தில் பிளாட் எழும்பும்.

அந்த ஒரு ஆட்டத்தின் செலவை நாமே கட்டுவோம் என்று கொலின் சங்கத்தைக் கூட்டினார். புதன்கிழமை சாயங்காலம், கிளப் ஹாலில், ஏலம்.

5

ஏலம் என்றதும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. ஜெயாவிடம் முந்திரிக்கொத்து செய்து தரச் சொன்னேன். "ஒங்களுக்கு வட்டு புடிச்சிருக்கா, வேலை முடிஞ்சு வந்தவள்ட்ட மாவு கரைக்கச் சொல்லுதிய" என்று திட்டிக்கொண்டே செய்தாள். ஒரு டின் நிறையக் கொண்டுபோனோம். அதை நுழைவாசலிலேயே தின்று தீர்த்துவிட்டார்கள், ஏலத்துக்கு மிஞ்சவில்லை.

ஹால் நிறைய ஆள். பின்வரிசையில் எங்கள் பரம எதிரிக் கிளப்பின் மப்ளர் போட்ட இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கு உங்களுக்கு, நாளைக்கு எங்களுக்கும் வரலாம் என்று சொன்னார்களாம். அவர்களை இடம் விட்டு உட்கார வைத்ததே ஓர் அதிசயம்தான்.

ஆனால் ஏலம் சூடு பிடிக்கவில்லை. கொலின் நல்ல மனுஷர், ஏலம் விளிக்கத் தெரியாதவர். இங்கே ஏலம் என்பது அடக்க ஒடுக்கமான விஷயம். ஒருவர் விரலைத் தூக்குவார். இன்னொருவர் அவருக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று மரியாதையாக விட்டுக்கொடுப்பார். பழைய கோல்கீப்பரின் கையெழுத்துப் போட்ட ஜெர்சி சந்தை விலைக்கும் குறைவாகப் போயிற்று. முடிதிருத்துகிறவர் கொடுத்த ஆறு மாத ஓசிக் கட்டிங் கூப்பனை ஒரு வழுக்கைத்தலைக்காரர் எடுத்தார். மேஜையில் மிஞ்சினது கொஞ்சம். சேர்ந்தது பாதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஷெரின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மோரீனின் கேக் வந்தது. பழம் போட்ட கறுத்த கேக், நீல ரிப்பன் கட்டி. ஒருவர் பத்து பவுண்டு என்றார். யாரும் மேலே போகவில்லை. மூன்று மாதம் சம்பளம் வாங்காத பொம்பளை செய்த கேக். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, நூறு என்றேன்.

ஹாலில் ஒரு 'ஓ' எழுந்தது. கொலின் சுத்தியலைத் தட்டினார். நான் முன்னால் போய்ப் பணத்தை வைத்தேன். கேக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். பிறகு, நான் பிறந்ததிலிருந்து பார்த்தது எப்படியோ அப்படியே, அதைத் திரும்ப மேஜையில் வைத்து மோரீன் பக்கம் தள்ளிவிட்டு, என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

ஹால் அமைதியாகிவிட்டது. எதிர்பார்த்த அமைதி அது இல்லை என்று எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. மோரீன் டீ அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என் கேக்குல என்ன கொறை கண்ட?"

நான் எழுந்தேன். குறை இல்லை, நல்ல கேக், திரும்ப ஏலம் விடுங்கள் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் என்னைக் கைவிடும். "வேண்டாம், வேண்டாம், எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிற மாதிரிதான் வாயில் வந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இத்தனை வருஷம் இடம் கொடுத்தவர்கள் முன்னால், அதுவும் மோரீனை அவமானப்படுத்தினவனாக நிற்கிறேன். பூமி பிளக்காதா என்று இருந்தது.

"அப்பா, இரிங்க" என்று ஒரு சத்தம்.

ஷெரின் எழுந்து நின்றாள். அவள் ஆங்கிலம் அவர்கள் ஆங்கிலம். கொலினைவிட இழுத்துப் பேசுவாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"மோரீன், அவரு உங்கள அவமானப்படுத்தல்ல. எங்க ஊர்ல இதுதான் மரியாதை. எனக்கு ஏழு வயசுல நாங்க ஊருக்குப் போயிருந்தோம். தாத்தா கோயில் ஏலத்துல எனக்காக ஒரு முட்டை எடுத்தாரு. கையில தந்துட்டு, திரும்ப வைன்னாரு. நான் ஓன்னு அழுதேன், என் முட்டைன்னு. அப்பம் தாத்தா சொன்னாரு, கொண்டுபோனா நீ மட்டும் திம்ப, வச்சா எல்லாரும் எடுக்கலாம்னு. எங்க அப்பா உங்க கேக்க வேண்டாம்னு சொல்லல்ல. இன்னொருத்தர் எடுக்கணும்னு சொல்லுதாரு. பொறவு இன்னொருத்தர்."

எங்க ஊர் என்றாள். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பேச்சுப் பேசி, எங்களைவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்த பெண் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அந்த முட்டையை நான் மறந்தே போயிருந்தேன். இப்போதும் இதை எழுதும்போது கண் நிறைகிறது.

பின்வரிசையில் எதிரிக் கிளப் மப்ளர் ஒன்று எழுந்தது. "அந்தக் கேக்குக்கு நூத்தி இருவது" என்றார் அந்த மனுஷர். நேராக முன்னால் வந்து பணத்தை வைத்தார், கேக்கைத் தூக்கிக் காட்டினார், திரும்ப வைத்தார். ஹால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு கூச்சல். எதிரிக்காரன் எடுத்த கேக்கை விட்டுவைக்க முடியுமா? வழுக்கைத்தலைக்காரர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளி வாத்தியார். கொலின் சுத்தியலை ஷெரின் கையில் கொடுத்துவிட்டார். அவள் நாற்காலிமேல் ஏறி நின்று, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று தமிழிலேயே விளித்தாள். மூன்றாவதைச் சொல்லாமல் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் மோரீனே தன் பர்ஸைத் திறந்து ஒரு தடவை எடுத்து, சிரித்துக்கொண்டே அழுதுகொண்டே திரும்ப வைத்தாள். யார் எடுத்தார்கள், யார் வைத்தார்கள் என்பது அதற்குமேல் யாருக்கும் நினைவில்லை. ஜெர்சியை வாங்கினவரும் அதைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். முடிவில் கேக்கை வெட்டி எல்லாரும் தின்றோம். எனக்குக் கிடைத்தது ஒரு விரல் அளவு. நல்ல கேக்.

சனிக்கிழமை கேட் திறந்தது. ஒன்றுக்கு ஒன்று டிரா.

6

ஒரு கேக்கால் கிளப் பிழைத்தது என்று சொன்னால் பொய். பிழைத்தது அந்த ஒரு சனிக்கிழமை. ஆனால் அந்தச் சனிக்கிழமை கிடைத்ததால் லீக் எங்களுக்கு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தில் கொலினும் ஒரு வக்கீல் அம்மாவும் முட்டி தேய அலைந்தார்கள். எத்தனை அலுவலகம், எத்தனை கையெழுத்து, எத்தனை 'உங்கள் குடும்பப் பெயர்'. ஆட்டம் பார்க்க வருகிறவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பங்கு போட்டுக் கிளப்பை ரசிகர்களே வாங்கினோம். நிலத்துக்கு இன்னும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வாடகை கொடுத்துத்தான் ஆடுகிறோம். மோரீனுக்கு நிலுவைச் சம்பளம் வந்தது. முதல் வேலையாக டீ விலையைக் கூட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கொலின் என் பஸ்ஸில் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "ஏலம் முடிஞ்சா பொறவு உங்க ஊர்ல என்ன செய்வாவ?"

"அடுத்த ஞாயிறு கணக்கு வாசிப்பாவ. எல்லாருக்கும் முன்ன. யாரும் எழும்பிக் கேக்கலாம்."

"யாருமா?"

"யாரும்."

அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று. இருவருமே கவனிக்கவில்லை.

இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த ஹாலில் கணக்கு வாசிக்கிறோம். வரவு, செலவு, சத்தமாக. ஏலம் வருஷந்தோறும் நடக்கிறது. நோட்டீஸ் போர்டில் அதற்கு 'ஞானமுத்து' என்றே பெயர் போட்டுவிட்டார்கள். என் குடும்பப் பெயர் என்று நினைத்து வைத்தது. நான் திருத்தவில்லை. ஞானமுத்து எப்போது, ஞானமுத்துவுக்கு என்ன கொண்டுவருகிறாய் என்று டீ அறையில் பேசிக்கொள்கிறார்கள்.

போன ஞாயிறு, மூன்று கோல் வாங்கினதற்கு மறுநாள், அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, இந்த வருஷமும் ஏலம் நல்லா நடந்தது."

"கணக்கு வாசிச்சாவளா?"

"வாசிச்சாவ."

"யாராம் எழும்பிக் கேட்டாவளா? இல்ல, எல்லாரும் தலைய ஆட்டிட்டுப் போனாவளா?"

"ஒராள் எழும்பிக் கேட்டா அப்பா."

"யாரு?"

"உங்க பேத்தி."

பின்னால் அண்ணன் வீட்டு டிவி மட்டும் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"பிள்ள என்ன கேட்டா?"

"மைதானத்து மூலையில நடுத கொடி எட்டு வாங்கினதா வாசிச்சாவ. மைதானத்துக்கு நாலு மூலதான, மிச்சம் நாலு கொடி எங்கன்னு கேட்டா."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். எண்பது வயதுச் சிரிப்பு, இருமலில் போய் முட்டி, திரும்பி வந்து, மறுபடியும் சிரிப்பாகி. நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். ஒருவழியாக மூச்சுப் பிடித்துக்கொண்டு, பழைய ஏலக் குரலில் கேட்டார்:

"கொடி கிட்டிச்சாலே?"

"ஸ்டோர் ரூம்ல இருந்துது அப்பா. அவளே போய் எண்ணிப் பாத்துட்டுதான் வந்தா."

"செரி" என்றார் அப்பா. "கொண்டு வச்சுக்கச் சொல்லு."